நான்கு டியூப், ஓர் இரவு: குவான்டிஃபெரான் சோதனை லேபில் நடப்பது

உடலில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று அறியச் செய்யும் குவான்டிஃபெரான் பிளஸ் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற கிருமிப் புரதங்களின் துண்டுகள் ரத்தம் எடுக்கும் டியூபின் உட்சுவரில் பூசப்பட்டிருக்கும். அவற்றை முன்பே கண்டு பழகிய டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) கிளர்ந்து இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும், அளப்பது அதைத்தான். ஆகவே செல்கள் மறுநாள்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். பழக்கதோஷத்தில் இந்த டியூபை ஃபிரிட்ஜில் வைத்தால் மாதிரி வீண்.

சாம்பல் மூடி நில் (தூண்டும் பொருள் இல்லாத ஒப்பீட்டு டியூப்), பச்சை டிபி1, மஞ்சள் டிபி2 (கிருமிப் புரதத் துண்டுகள் இவ்விரண்டில்தான்), ஊதா மைட்டோஜென் (டி செல்களைப் பொதுவாகத் தூண்டிப் பார்க்கும் டியூப்). ஒவ்வொன்றிலும் 1 மில்லி, 0.8 முதல் 1.2 வரை பரவாயில்லை. இவை ரத்தத்தை மெதுவாக இழுக்கும். நிரம்பியதுபோல் தெரிந்தாலும் இரண்டு மூன்று விநாடி ஊசியிலேயே விடுங்கள். பட்டர்ஃபிளை ஊசி என்றால் அதன் குழலில் நிற்கும் காற்றுக்கு முதலில் ஒரு டியூபைப் பலி கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் முதல் டியூபில் அளவு குறையும்.

பிறகு 10 முறை குலுக்க வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். உட்சுவர் முழுவதும் ரத்தம் படாவிட்டால் பூச்சு கரையாது. காக்டெய்ல் கலக்குவதுபோல் உலுக்கினால் அடியிலுள்ள ஜெல் உடைந்து முடிவு தாறுமாறாகும்.

ரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் நிமிர்த்தி வைக்க வேண்டும். உடனே வைக்க முடியாமல் போனால், வைக்கும்முன் மறுபடி 10 முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். உள்ளே 16 முதல் 24 மணி நேரம். மாலை 5 மணிக்கு வைத்தால் மறுநாள் காலை 9-க்கும் மாலை 5-க்கும் இடையில் எடுக்கலாம். சனிக்கிழமை மாதிரி வந்தால் ஞாயிறன்று ஒருவர் வந்து வெளியே எடுத்தால் போதும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க மூன்று நாள் அவகாசம் உண்டு.

இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் எலிசா சோதனை வழக்கமானதுதான்: 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, இரண்டு மணி நேரம், ஆறு முறை கழுவல், நிறம் தரும் சப்ஸ்ட்ரேட் 30 நிமிடம், 450 நானோமீட்டரில் ரீடிங். கழுவலில் கஞ்சத்தனம் செய்தால் பின்னணி நிறம் ஏறும்.

கணக்கில் ஒரு கண்ணி உண்டு. நில்லைக் கழித்த பின் டிபி1 அல்லது டிபி2 0.35 யூனிட்டைத் தொட்டால் மட்டும் பாசிட்டிவ் என்று சொல்லப் போதாது. அது நில்லில் கால் பங்காவது இருக்க வேண்டும். நில் 2.0, டிபி1 2.4 என்றால் வித்தியாசம் 0.4. கால் பங்கு 0.5. ஆகவே டிபி1 பாசிட்டிவ் ஆகாது.

நில் 8.0-ஐத் தாண்டினாலோ, டிபி இரண்டும் நெகட்டிவாக இருக்கையில் நில்லைக் கழித்த மைட்டோஜென் 0.5-க்குக் கீழே நின்றாலோ ‘முடிவு சொல்ல இயலாது’ என்றே எழுத வேண்டும். அதை நெகட்டிவ் என்று படிப்பது ஆபத்து. மைட்டோஜென் ஒருவருக்கு மட்டும் குறைந்தால் அவர் ஸ்டீராய்டு எடுக்கிறாரா, லிம்போசைட் எண்ணிக்கை என்ன என்று பாருங்கள். ஒரே நாளில் நான்கைந்து பேருக்குக் குறைந்தால் நோயாளிகளை விட்டுவிட்டு இன்குபேட்டரின் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். இரவில் கரன்ட் போயிருக்கலாம்.

0.35-ஐ ஒட்டிய எண்கள் மறுமுறை எடுத்தால் எந்தப் பக்கமும் சாயும். நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி தொடங்கும்முன் 0.38 வந்தால், புதிதாக ரத்தம் எடுத்து ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது. பிசிஜி தடுப்பூசி இதைப் பாதிக்காது. பதுங்கிய தொற்றா, செயல்படும் நோயா என்று இது பிரித்துச் சொல்லாது. அதற்கு அறிகுறிகளும் எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். சிகிச்சை முடிந்தபின் ‘குணமாகிவிட்டதா’ என்று இதையே மறுபடி எழுதித் தருவதிலும் பயனில்லை. பலருக்குப் பாசிட்டிவாகவே நீடிக்கும்.