கரண்ட் ஓடும்போதே டிஸ்க் மாற்றப் பழகியது

டவர் லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் டிஸ்க் ஒன்று உடைந்தால், எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, இரு பக்கமும் எர்த் போட்டு, மேலே ஏறி மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் சில லைன்களை நிறுத்த விடமாட்டார்கள். ஒன்றை நிறுத்தினால் பக்கத்து லைன் ஓவர்லோடு ஆகும், இல்லையென்றால் பெரிய ஆலை ஒன்று நின்றுபோகும். அந்த மாதிரி இடங்களுக்குத்தான் கரண்ட் ஓடும்போதே வேலை செய்கிற ஹாட்லைன் ஆட்கள். தூத்துக்குடிப் பக்கம் லைன் பராமரிப்பில் இருந்த என்னையும் சிலரையும் இதற்காக பெங்களூருவுக்கு அனுப்பினார்கள். தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தின் ஹாட்லைன் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது.

போகப்போகிற பையன்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, பயமா இருந்துச்சா?" என்றுதான். உயரம் பழகியவனுக்கு அது சில நாளில் சரியாகிவிடும். எனக்கு அங்கே மனதில் பதிந்தது கருவிகளும் அவற்றை வைத்துக்கொள்ளும் விதமும்தான். அதையே எழுதுகிறேன்.

மருத்துவச் சான்றிதழ், ரத்த அழுத்தம், கண் பரிசோதனை எல்லாம் ஒரு நடையில் முடிந்தது. அப்புறம் வகுப்பு. முதல் பாடமே ஹாட் ஸ்டிக், கரண்ட் இருக்கிற கம்பியைத் தள்ளி நின்று கையாளும் மின்காப்புக் கம்பு. பார்க்க வெறும் மஞ்சள் குழாய். ஃபைபர்கிளாஸில் செய்து, உள்ளே பாலியூரித்தேன் நுரையை அடைத்திருப்பார்கள். குழாய் காலியாக இருந்தால் உள்ளே ஈரம் சேரும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காகத்தான் நுரை. ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் மரக் கம்புகளை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்தார்கள். ஈரத்தை உறிஞ்சுவது மரத்தின் குணம் என்பதால் ஃபைபர்கிளாஸ் வந்த பிறகு மரம் ஒதுங்கிவிட்டது.

புது ஸ்டிக்கை அடிக்கு 1,00,000 வோல்ட் வீதம் 5 நிமிடம் தாங்குகிறதா என்று சோதிப்பார்கள். வேலையில் இருக்கிற ஸ்டிக்கை 2 ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து அடிக்கு 75,000 வோல்ட் வீதம் 1 நிமிடம் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. அவ்வளவு தாங்குகிற பொருள்தான், ஆனால் மேலே ஒரு விரல் அகலத்துக்கு அழுக்கும் ஈரமும் சேர்ந்து கோடு போட்டால், கரண்ட் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரும். எங்கள் பயிற்றுநர் தினமும் காலையில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் எங்களையே துடைக்க வைப்பார். துடைத்த பிறகு ஸ்டிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றுவார். பளபளப்பு எங்கே மங்குகிறதோ அங்கே நகத்தால் தடவிப் பார்ப்பார். கீறல் நகத்தில் தட்டினால் அந்த ஸ்டிக் அன்றைக்கு வேலைக்கு வராது. தரையில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ஸ்டாண்டில்தான் ஸ்டிக்கை வைக்க வேண்டும். புல்லில் வைத்த ஒருவரை அப்படியே திருப்பி அனுப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து துடைக்கச் சொன்னார். அது சரியான கண்டிப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ரப்பர் கிளவுஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வெளியே இருக்கிறவர்கள் இதைத்தான் தப்பாக நினைக்கிறார்கள். கிளவுஸ் போட்டால் எந்த லைனையும் தொடலாம் என்று ஒரு எண்ணம். கிளவுஸில் தர வகுப்புகள் உண்டு. சிவப்பு முத்திரை 1,000 வோல்ட் வரை. மஞ்சள் முத்திரை 17,000 வரை, 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனுக்கு இதுதான். ஆரஞ்சு முத்திரைதான் உச்சம், அதுவே 36,000 வோல்டோடு முடிந்தது. 110 கே.வி.க்கு கிளவுஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. அங்கே நம்மைக் காப்பது ஸ்டிக்கின் நீளமும் காற்று இடைவெளியும்தான்.

11 கே.வி. பயிற்சியில் கிளவுஸைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காற்றுச் சோதனை செய்தோம். மணிக்கட்டுப் பக்கத்தை இறுக்கிச் சுருட்டினால் காற்று விரல்களுக்குள் போய் உப்பும். அதைக் கன்னத்தருகே பிடித்தால் ஊசித்துளை இருந்தாலும் காற்று தோலில் படும். விரல் இடுக்குகளைத் தனியாக விரித்துப் பார்க்க வேண்டும், அங்கேதான் வெடிப்பு முதலில் வரும். ரப்பரின் மேலே தோல் கிளவுஸ். அது ரப்பரைவிடக் குட்டையாக இருக்கும், வேண்டுமென்றே அப்படி. தோல் கிளவுஸ் வியர்வையில் நனைந்தால் அதன் வழியாக மின்சாரம் கைக்கு ஏறிவிடாதபடி நடுவில் ரப்பர் தெரிய வேண்டும்.

முதலில் கரண்ட் இல்லாத பயிற்சி டவரில்தான் ஏற்றினார்கள். வயர் டாங் என்ற பிடிகம்பு ஒன்று லைன் கம்பியின் எடையைத் தாங்கும், இன்னொன்று பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கும். எடை டிஸ்க் சரத்திலிருந்து டாங்குக்கு மாறியதும், கடைசி டிஸ்கின் சாக்கெட்டில் இருக்கிற பாதுகாப்பு கிளிப்பைத் தள்ளி நின்று ஸ்டிக் முனையால் இழுக்க வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுதான் அந்த கிளிப். நீளமான கம்பின் நுனி காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசால் துழாவுகிற மாதிரி. கையால் அழுத்தினால் ஆட்டம் கூடும். முழங்கையை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டு, நுனி தானாக அடங்குகிற வரை காத்திருந்தால் கிளிப் 'டக்' என்று வெளியே வரும். இந்த ஒரு வேலையைத்தான் அங்கே நிறைய நாள் பழகினோம்.

லைவ் லைன் என்றதும் வேறு கணக்கு. சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆட்டோ ரீக்ளோஸை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால், லைன் ட்ரிப் ஆனாலும் மறுபடி தானாகவே சார்ஜ் ஆகிவிடும். மழை, இடி, மூடுபனி, பலத்த காற்று இதில் எது இருந்தாலும் வேலை இல்லை. அதற்கும் மேலே, சரத்தில் நல்ல டிஸ்க் எத்தனை என்று முதலில் ஸ்டிக் முனையில் பொருத்திய சோதனைக் கருவியால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 400 கே.வி. சரத்தில் பொதுவாக 23 டிஸ்க் இருக்கும். வெளியே முழுசாகத் தெரிகிற பீங்கான் டிஸ்க் உள்ளே ஓட்டை விழுந்து செத்திருக்கலாம். நல்லது போதவில்லை என்றால் ஹாட்லைன் வேலையே அங்கே கிடையாது, எல்.சி.தான்.

வெறுங்கை முறையை அங்கே செய்து காட்டினார்கள். 1960-இல் அமெரிக்காவில் ஹரால்ட் ரோர்டன் என்ற பொறியாளர் கொண்டுவந்த முறை அது. லைன்மேன் மின்காப்பு ஏணியில் போய்க் கம்பியின் மின்னழுத்தத்துக்கே தன்னைக் கொண்டுவருகிறார். 400 கே.வி. லைனில் பூமிக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 2,31,000 வோல்ட். அவர் போட்டிருக்கிற சூட்டைத் தொட்டுப் பார்த்தேன். துணிதான், ஆனால் இழைக்குள் மெல்லிய எஃகு நார் கலந்திருக்கிறது. தொப்பி, மேல்சட்டை, காற்சட்டை, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கம்பியால் இணைத்துவிட்டு மீட்டர் வைத்துத் தொடர்பு சரியா என்று பார்ப்பார்கள். அந்த சூட் கரண்டைத் தடுக்காது, மின்புலத்தை உடம்புக்குள் விடாமல், கரண்டை வெளியிலேயே ஓட விடும். அதனால் அதைப் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு வருகிற சாதாரண எல்.டி. (தாழ்வழுத்த) லைனைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. கம்பியை நெருங்கும்போது முதலில் உலோகக் கோலை நீட்டித் தொடுகிறார், 'சர்ர்' என்று பொறி பறக்கிறது, உடனே கிளாம்பை மாட்டுகிறார், சத்தம் அடங்குகிறது.

ஊர் திரும்பியதும்தான் உண்மையான சிரமம். எங்கள் பக்கம் கடல் காற்றும் உப்பளமும். ராத்திரி இறங்குகிற பனியோடு உப்பும் ஸ்டிக்கில் படியும். வெயில் ஏறிப் பொருள் காய்ந்த பிறகே ஆரம்பிக்கிறோம். நான் போன ஓர் இடத்தில் ஒழுகுகிற கொட்டகையில், எர்த் ராடுகளோடு ஸ்டிக்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் வயிறு கலங்கியது. அத்தனையையும் சோதனைக்கு அனுப்பாமல் ஏற மாட்டோம் என்று குழுவாகச் சொல்லிவிட்டோம். கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது, ஆனாலும் அனுப்பினார்கள். சில ஸ்டிக்குகள் தேறவில்லை. இப்போது கருவிக்கென்று தனி அறை, உள்ளே ஈரம் தங்காமல் இருக்க எந்நேரமும் பல்பு எரிகிறது.

பயிற்சிக்குப் போகிறவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டைகளை எடுத்துப் போங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், ஆர்க் (மின்பொறித் தீ) பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மோதிரம், சங்கிலி, அரைஞாண் வெள்ளிக்கொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், அங்கே போனால் எப்படியும் கழற்றச் சொல்வார்கள்.