இடது கையில் மட்டும் அளந்த ரத்த அழுத்தமும் எட்டு மாத அலைச்சலும்

சென்ற ஆவணியில் தொடங்கிய தலைவலிக்குக் காரணம் என் சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரண்டு தமனிகள்தாம் என்பது தெரியவர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் குறைந்தது ஆறு முறையாவது என் ரத்த அழுத்தத்தை அளந்திருப்பார்கள். ஆறு முறையும் இடது கையில்தான் அளந்தார்கள். 100/70, 104/70 என்று சீட்டில் எழுதி, “பிரஷர் நல்லா இருக்கும்மா, உடம்புல ரத்தம்தான் கம்மி” என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

எனக்கு வயது 28. கொடியில் துணி காயப்போட்டால் நான்காவது துணிக்குள் இடது கை கனத்துத் தொங்கிவிடும். தலை பின்னும்போது பாதியில் கையை மடியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன். மாலையில் லேசான காய்ச்சல் வரும். உடல் எடை ஏழு கிலோ குறைந்தது. கை வலிக்கு ஒருவர், காய்ச்சலுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர் என்று தனித்தனியாகக் காட்டினேனே தவிர, இவை ஒரே நோயின் அடையாளங்களாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை.

கண் மங்கியதால் கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம் என்று கண் மருத்துவரிடம் போனதுதான் திருப்பம். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தவர், இது நெடுநாள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவரின் கண் என்றார். செவிலியர் வழக்கம்போல் இடது கையில் அளந்து 102/70 என்றார். அந்த மருத்துவர் எழுந்து வந்து என் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கையில் நாடி விம்மி விம்மி அடித்தது. இடது கையில் அவர் விரல்களை எத்தனை முறை நகர்த்தி வைத்தும் கிடைக்கவில்லை. பட்டையை வலது கைக்கு மாற்றச் சொன்னார்: 196/114. இடது தோளுக்கடியில் செல்லும் தமனி அடைபட்டிருந்ததால் அந்தக் கை காட்டிய எண் என் உடலின் உண்மையான அழுத்தமே இல்லை. இந்த நோய்க்குத் தகயாசு என்று பெயர். விழித்திரை நாளங்களில் தெரிந்த மாற்றத்தை வைத்து 1908-இல் இதை முதலில் எடுத்துரைத்த ஜப்பானியர் மிகிட்டோ தகயாசுவும் ஒரு கண் மருத்துவர்தான் என்று பின்னர் அறிந்தபோது, என்னைக் காப்பாற்றியவரை நினைத்துக்கொண்டேன். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து உள்ளே குறுகிப்போகும் இந்த நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கே வருகிறது.

அதன்பின்னும் ஒரு தவறு நேர்ந்தது. அழுத்தத்தைக் குறைக்க உள்ளூர் மருத்துவர் ராமிப்ரில் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். ஆனால் சிறுநீரகம் கழிவை எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் வற்புறுத்தியதால்தான் ரத்தம் கொடுத்தேன். 1.1 இருந்தது 1.9 ஆகியிருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று உறவினர் பேசத் தொடங்கினார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பக்கத்து மாவட்டத்துச் சிறுநீரக மருத்துவர் தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டிவிட்டார். குறுகிய மதகில் தண்ணீர் சீறிப் பாய்வதைப் போன்ற ஓசை ஒவ்வொரு துடிப்புக்கும் கேட்டது. சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் போகும் குழாய்தான் குறுகியிருக்கிறது என்று அவர் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. குழாய் குறுகி வரத்து குறைந்தால், உடல் முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டதாகக் கருதி அவை ரெனின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அதன் தொடர்விளைவாக உடலெங்கும் ரத்தக்குழாய்கள் இறுகி, உப்பும் நீரும் தங்கி, அழுத்தம் ஏறுகிறது. ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்கர் 1934-இல் நாய்களின் சிறுநீரகத் தமனியில் இடுக்கி போட்டு இறுக்கி, இதைச் செய்தே காட்டியிருக்கிறார். வரத்து குறைந்த நிலையிலும் வடிகட்டலை நடத்துவதற்காகச் சிறுநீரகம் தன் வடிகட்டிகளின் வெளிவாயிலை இறுக்கி வைத்துக்கொள்கிறது. ராமிப்ரில் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டதால்தான் கிரியாட்டினின் ஏறியது. மாத்திரையை நிறுத்திய பத்து நாளில் அது 1.2-க்கு இறங்கியது. இவ்வகை மாத்திரையைத் தொடங்குகிறவர்கள், யாரும் சொல்லாவிட்டாலும், ஓரிரு வாரத்தில் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமுக்குப் போன முதல் நாள் வீணாயிற்று. விடியற்காலை பேருந்து பிடித்து, வெறும் வயிற்றோடு 11 மணிவரை காத்திருந்த பிறகு, அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அறிக்கை இல்லாமல் சாய மருந்து ஏற்ற முடியாது என்றார்கள். முன்பதிவு செய்தபோதே அதைச் சொல்லியிருக்கலாம். அறிக்கையை எடுத்துப்போங்கள், திரும்பும்போது ஃபிலிமோடு நில்லாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் குறுகிய தமனியை உள்ளிருந்து பலூனால் விரிக்கும் பலூன் சிகிச்சையை எனக்குச் செய்த மருத்துவர் ஃபிலிமைத் தொடவே இல்லை.

படத்தில் வலது சிறுநீரகத் தமனி நூலளவுக்கும் இடது தமனி பாதியளவுக்கும் குறுகியிருந்தன. அழற்சி தணியாமல் பலூன் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, முதலில் பத்து வாரம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.

அந்தப் பத்து வாரமும் குடும்ப அட்டைக்கே சரியாகப் போயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அட்டையில் பெயர் இருக்க வேண்டும். திருமணமானதும் அம்மா வீட்டு அட்டையிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டோம். கணவர் வீட்டு அட்டையில் சேர்க்க மறந்திருந்தோம். சேர்க்க விண்ணப்பித்தால், பெயர் நீக்கச் சான்று இணைக்கவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். சான்றை வாங்கிப் போனால், அதில் தலைப்பெழுத்து அப்பாவுடையது, ஆதாரில் கணவருடையது, பொருந்தவில்லை என்றார் எழுத்தர். அடுத்த முறை சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாவது முறை, “எல்லாம் சரியா இருந்தா தானா வரும், போங்க” என்று தலை நிமிராமலே சொன்னார். வரும் வழியில் இரண்டு முறை மயங்கி உட்கார்ந்தவள் நான். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் திருமணப் பதிவுச் சான்றையும் மருத்துவமனைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளறையில் இருந்த அலுவலரிடம் நேரே போய்க் கொடுத்தார். பத்தே நிமிடத்தில் ஒப்புதல் ஆனது. திருமணமாகிப் போன பெண்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையில் பெயரைச் சேர்த்துவிடுங்கள், சான்றில் தலைப்பெழுத்தை அங்கேயே சரிபாருங்கள்.

பலூன் சிகிச்சை தொடைத் தமனி வழியாக ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஐந்து மாத்திரைக்கும் அடங்காத அழுத்தம் இப்போது ஒரே மாத்திரையில் 136/84-இல் நிற்கிறது, கிரியாட்டினின் 0.9. இடது கைத் தமனியைத் தொடவில்லை. அடைபட்ட இடத்தைச் சுற்றிச் சிறு கிளைக்குழாய்கள் தாமாகவே வளர்ந்து கைக்கு ரத்தம் கொடுப்பதால், இப்போதைக்கு அது போதும் என்றார்கள். துணி காயப்போடும்போது இன்னும் நடுவில் நிறுத்திக்கொள்கிறேன்.

சிகிச்சைக்கு மறுநாள் காலை புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர் பட்டையை என் இடது கையில் சுற்ற வந்தார். வலது கையை நீட்டி, “இந்தக் கையில பாருங்க சிஸ்டர்” என்றேன். அவர் காரணம் கேட்டார். இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடம் தேடிப் பார்த்தவர், பேசாமல் போய்ச் சிவப்பு மையெழுத்துப் பேனாவை எடுத்துவந்து, கட்டில் தலைமாட்டு அட்டையில் ‘அழுத்தம் வலது கையில் மட்டும்’ என்று பெரிதாக எழுதினார்.