திருச்சியில் சாய்ந்த அரியணை, கரிசலில் விழுந்த கோட்டை

கட்டபொம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கயத்தாற்றோடு திரும்பிவிடுகிறார்கள். திருநெல்வேலி - கோவில்பட்டி நாற்கரச் சாலையின் ஓரத்திலேயே சிலை நிற்கிறது. இறங்கினால் ஒரு படம், ஒரு டீ, அவ்வளவுதான். 1799 அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி பானர்மன் அவரைத் தூக்கிலிட்ட ஊர் இது. அந்தப் புளியமரம் இப்போது இல்லை.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. ‘வரி கொடுக்க மாட்டேன்’ என்றதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எங்கிருந்தோ கப்பலில் வந்த கும்பினிக்கு இந்தக் கரிசக்காட்டில் வரி கேட்கும் உரிமை எப்படி வந்தது? அதை அசைபோட்டுக்கொண்டே பைக்கைக் கிழக்கே திருப்பினேன். கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் போய்விட்டு போளி தின்னாமல் வருவது பாவம்.

விடை திருநெல்வேலிச் சீமையிலேயே இல்லை, திருச்சியில் இருக்கிறது. பாளையங்களை ஏற்படுத்தியவர்கள் மதுரை நாயக்கர்கள். திருச்சியில் இருந்து ஆண்ட அந்த வம்சத்து விசயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். பட்டத்து அரசி மீனாட்சி ஒரு பக்கம், பங்காளி வங்காரு திருமலை மறுபக்கம். இந்தச் சண்டைக்குள் புகுந்தவர் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. பிறகு மராத்தியர் வந்தார்கள், நிஜாம் வந்தார். கடைசியில் ஆற்காட்டுப் பட்டத்துக்கே சண்டை மூண்டது. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, முகமது அலிக்கு இங்கிலீஷ்காரன் துணை. முகமது அலி ஜெயித்து நவாபானார், ஆனால் கும்பினியிடம் பட்ட கழுத்தளவு கடனோடு.

கடனை எங்கிருந்து அடைப்பது? மதுரை, திருநெல்வேலி வருவாயிலிருந்து. 1755-இல் கும்பினியின் கர்னல் ஹெரான் படையோடு தெற்கே இறங்கியது இந்த வசூலுக்குத்தான். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கொடுக்க மறுத்தார், ஹெரானும் வெறுங்கையோடு திரும்பினார். பாளையக்காரர்கள் பக்கத்து நியாயம் எனக்குச் சுலபமாகவே புரிகிறது: பாளையம் தந்தவர் நாயக்கர், அவர் வம்சமே இல்லை, நடுவில் வந்த நவாபு யார்? ஆனால் நவாபுக்குப் படை வேண்டியிருந்தது. அந்தப் படையின் செலவு மறுபடி கடனானது. 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் கப்பத்தைத் தண்டும் அதிகாரமே கும்பினி கைக்குப் போய்விட்டது. கட்டபொம்மனின் வாசலுக்கு வந்தவன் படையெடுத்து வந்தவனல்ல, கடன் பத்திரத்தோடு வந்தவன். அவன் பின்னால் பீரங்கி நின்றது, அது வேறு.

மணியாச்சி ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான், 1911 ஜூன் 17. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்ட அப்போது ஐந்து நாள்தான் பாக்கி. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலும் அந்த முடிசூட்டுதான் பேச்சு.

ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர். அதைத் தாண்டினால் கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி. இப்போது நிற்கும் கோட்டை 1974-இல் அரசு கட்டியது. அதைவிட எனக்குப் பிடித்தது சுற்றியுள்ள வெற்று மண்தான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பிவிட்டார். மண்கோட்டைதானே என்று நினைத்து வந்த கும்பினிப் படை மார்ச் மாதத்தில் அடிவாங்கித் திரும்பியது; பிடிக்க மே 24 ஆயிற்று. அந்தச் சண்டைகளில் செத்த வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகள் பக்கத்தில் இருக்கின்றன. கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை 31-இல் ஆற்காட்டு நவாபிடமும் கையெழுத்து வாங்கி, மொத்தக் கர்நாடகத்தையும் கும்பினி எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவனின் வேலை முடிந்தது.

எட்டயபுரத்தில் ஒரு டீக்கடையில் பேச்சு தானாகவே எட்டப்பனிடம் வந்து நின்றது. பெஞ்சில் இருந்த பெரியவர் விடவில்லை: “எங்க ராசாவ மட்டும் பேசுதீயளே தம்பி, பிடிச்சுக் குடுத்த புதுக்கோட்டைக்காரர ஏன் யாரும் கேக்க மாட்டேங்கிய?”

அவர் சொல்வதில் ஞாயம் இல்லாமல் இல்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாகவே நீடித்தது. எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு கிடைத்தது. 1803 ஜமீன்தாரி ஏற்பாட்டில் பாளையம் ஜமீனானது. முத்துசாமி தீட்சிதர் வந்து தங்கி 1835-இல் இறந்தது அந்த ஜமீன் நிழலில்தான். பாரதியின் அப்பாவுக்குச் சோறு போட்டதும் அந்த அரண்மனைதான். கும்பினிக்குத் துணைபோனதால் தப்பிய ஒரு சமஸ்தானம் இல்லாவிட்டால் பாரதி இந்த ஊரில் பிறந்திருப்பாரா? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீக்கடையில் பொழுது சாய்ந்திருக்கும்.

அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தேன், சிதைந்துகொண்டிருக்கிறது. பாரதி பிறந்த வீடு நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. பைக் இல்லாதவர்கள் கோவில்பட்டியில் இறங்கி எட்டயபுரத்துக்குப் பஸ் பிடிக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் வேண்டாம். கரிசக்காட்டுச் சாலையில் ஒதுங்க வேலிக்கருவையை விட்டால் வேறு மரம் கிடைப்பது கஷ்டம்.