கதையைக் கேட்டுட்டு விலையைச் சொல்லு

'பழைய பட்டுப்புடவைகள், கிழிந்த பட்டுப்புடவைகள் நல்ல விலைக்கு எடுக்கப்படும்' என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்தில் அப்படியொரு கடையில் கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்தேன். எடை எழுதுவது, பில் போடுவது, வருகிற பெண்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுவது. சம்பளம் முதல் இரண்டுக்கு. உண்மையான வேலை மூன்றாவதுதான்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைகளுக்கு வேண்டியது ஜரிகை. புடவை அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அசல் ஜரிகை என்றால் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகடு, அதன்மேல் தங்க முலாம். காஞ்சிபுரத்தில் 1971-இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இப்போது வைத்திருக்கும் கணக்கு: வெள்ளி 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், மிச்சம் தாமிரம். பாட்டி காலத்துப் புடவைகளில் வெள்ளி இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். போன தீபாவளிக்கு எடுத்த, பளபளப்பான போலி ஜரிகைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'இதுல ஒண்ணும் தேறாதும்மா' என்போம். பக்கத்தில், தொட்டாலே இற்றுப்போகிற அரக்குப் புடவைக்கு நோட்டு எண்ணுவோம். இதனால் கடையில் வந்த சண்டைகள் கொஞ்சமில்லை.

ஜரிகை பார்ப்பவர் ஒரு சௌராஷ்டிரப் பெரியவர். தறியில் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவர். கரையிலிருந்து ஊசிமுனையால் ஒரே ஒரு இழையை நெம்பி எடுத்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்பு தெரிந்தால் லேசாகத் தலையாட்டல். தெரியாவிட்டால் புடவை அந்தப் பக்கம் போய்விடும். சந்தேகம் வந்தால் உரைகல்லில் உரசி ஒரு சொட்டு ஆசிட், அப்புறம் உப்புத் தண்ணீர். திரிந்த பால் மாதிரி வெள்ளையாகப் பூத்தால் வெள்ளி உண்டு. ஒரு குடும்பத்தின் முகூர்த்தம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு சொட்டில் அடங்கிவிடும். அவர் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்.

வாங்கின பிறகு முந்தானையையும் கரையையும் வெட்டி எடுத்து எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியை உருக்கி எடுப்பார்கள். பட்டு எரிந்தால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும். அந்த வேலை கடையில் நடக்காது, வேறு ஊரில். 'இங்கயே எரிச்சா வாசப்படி ஏறுவாளா ஒருத்தி?' என்பார் முதலாளி.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: 'கதையைக் கேட்டுட்டு விலையைச் சொல்லு. விலையைச் சொல்லிட்டுக் கதையைக் கேட்டியோ, அது பேரம் ஆயிடும்.' வியாபாரத் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். தந்திரமும்தான். ஆனால் புடவையை மேஜைமேல் வைக்கும்போதே சொல்ல ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் விஷயம் வேறு. எங்கள் அப்பா சீட்டுப் பணத்தில் எடுத்தது. நாத்தனார் இதைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இந்தப் பேச்சை மருமகளிடம் பேச முடியாது, பேத்திக்குக் கேட்க நேரமில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டால் புடவையை விட்டுவிட மனசு வந்துவிடும். கேட்காமல் தராசில் போட்டால், பாதி எடையில் 'குடும்மா, வேண்டாம்' என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முகூர்த்தப் புடவை என்றால் பிரிக்காமலே தெரியும். முனையில் மஞ்சள் தடவியிருப்பார்கள் இல்லையா, அந்தக் கறை அத்தனை வருஷத்துக்குப் பிறகும் பழுப்பாக இருக்கும். மடித்த மடிப்பிலேயே கிடந்ததால் மடிப்பு ஓரங்களில் ஜரிகை முறிந்து, பட்டு வரிவரியாக விட்டிருக்கும். மாற்றி மாற்றி மடித்துக் காற்றாட விட்ட வீடு எது, பீரோவில் வைத்துப் பூட்டிய வீடு எது என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். அந்துருண்டை வாசனையும் கூட வரும். பூட்டி வைத்த வீடுகள்தான் அதிகம். புடவை கெட்டுவிடக் கூடாதே என்று கட்டாமல் வைத்து, அதனாலேயே கெட்டுப்போன புடவைகள். எனக்கு இதில் கோபம்தான் வரும், இரக்கம் வராது. கட்டிக்கொண்டு போய் விருந்தில் ரசம் சிந்திய புடவைகளைக் கொண்டுவந்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் விற்றார்கள்.

நிறைய பேர் மஞ்சள் பட்ட முனையை மட்டும் வெட்டித் தரச் சொல்வார்கள். அதில் ஜரிகையும் சேர்ந்து போகும், எடை குறையும். முதலாளி முகம் சுளிப்பார், ஆனால் மறுத்ததில்லை. அதற்கென்றே மேஜை இழுப்பில் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தேன். ஒரு தடவை இரண்டு அக்கா தங்கைகள் வந்தார்கள். அம்மாவின் எம்.எஸ். புளூ புடவை (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிப் பிரபலமான நீலம்), வாடாமல்லிக் கரை, கரையில் ருத்ராட்ச டிசைன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு யார் வைத்துக்கொள்வது என்று முடிவாகவில்லை, அதனால் விற்றுப் பணத்தைப் பாதியாக்கலாம் என்று ஏற்பாடு. வந்த இடத்தில் ஆளுக்கொரு முனை கேட்டார்கள். பெரியவர் ஜரிகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா அதை எந்த விசேஷத்துக்குக் கட்டினாள் என்று வாக்குவாதம் வந்துவிட்டது. ஒருத்தி மாமா பையன் கல்யாணம் என்கிறாள், இன்னொருத்தி சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்கிறாள். விலையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் விற்காமல், அப்படியே சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

ஆண்கள் தனியாக வந்தால் பெரும்பாலும் மனைவி தவறியிருப்பார். அவர்களுக்குக் கதை தெரியாது. 'இது எப்ப எடுத்தது சார்?' என்றால் விழிப்பார்கள். பீரோவைத் திறந்து கையில் வந்ததைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். பேரமே இருக்காது.

அங்கே இருந்தபோது மெல்லப் புரிந்தது, கடைக்கு வருவதெல்லாம் ஊருக்குக் காட்டின துணி. அதைப் பிரிவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வீட்டில் தங்கிவிடுவது விலையே இல்லாத நூல் புடவை. பிள்ளைக்குத் தூளி கட்டினது, அடுப்படியில் கைதுடைத்து மஞ்சளும் எண்ணெயும் ஏறினது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. பட்டுப்புடவையெல்லாம் விற்றுவிட்டுப் போன ஒரு அம்மாள், எழுந்திருக்கும்போது, மாமியாரின் சுங்குடி நூல் புடவை ஒன்றைத் தலையணைக்கு உறையாகத் தைத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். 'அந்த மனுஷி இருக்கறவரைக்கும் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது' என்றும் சேர்த்துச் சொன்னார். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பழைய பட்டில் பேத்திக்குப் பாவாடை சட்டை, மருமகளுக்கு நீள கவுன் என்று தைத்துக் கொடுக்கிற தையல்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலாளிக்கு அவர்கள்மேல் தீராத எரிச்சல். நல்ல ஜரிகையெல்லாம் கவுனாகப் போகிறதாம்.

என் கல்யாணத்துக்குக் கடை சார்பில் புதுசாக ஒரு திருபுவனம் பட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி விசிறி மடிப்பு. கொடுக்கும் முன்பு பெரியவர் வழக்கம்போல ஊசியை எடுத்துவிட்டார். முதலாளி 'அய்யா, அது புதுசுய்யா' என்று கத்துவதற்குள் கரையிலிருந்து ஒரு இழை வந்துவிட்டது. சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். 'சிவப்பு இருக்கு பாப்பா. கட்டிக்க. பின்னாடி நல்ல விலைக்குப் போகும்.'