கோட்டுக்கு நேராகக் குனியணும்

மில்லிலிட்டரைப் பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறாது. 200 மி.லி. தண்ணீரை ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றி, அப்படியே அகலக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ஐந்தாறு வயசுப் பிள்ளைகள் பலரும் "டம்ளர்லதான் நிறைய இருந்துச்சு" என்பார்கள். உடனே திருத்தாதீர்கள், பாவம். அவர்கள் கையாலேயே திரும்ப டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். ஒரு தடவையில் பிடிபடாது, நாலைந்து நாள் ஊற்றி விளையாடட்டும்.

அடுத்தது இருமல் மருந்து மூடி, நன்றாகக் கழுவியது. 10 மி.லி. கோடு வரை பத்துத் தடவை ஊற்றினால் 100. தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். மூடியைக் கையில் தூக்கிப் பார்த்தால் சாய்ந்து கணக்கு தப்பும். மேசையில் வைத்துக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஓரத்தில் தண்ணீர் சற்று ஏறி நிற்கும், நடுப்பள்ளத்தைத்தான் படிக்கணும்.

1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாய்விளிம்பு வரை நிரப்பி அளவாக்காதீர்கள். அதில் 1 லிட்டருக்கு மேலேயே பிடிக்கும்.