மழைக் கணக்கைப் பொதுவில் வைக்கும்போது

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கட்டத் தரவில், அதாவது நாட்டைச் சதுரங்களாகப் பிரித்துத் தரும் மழைக் கணக்கில், ஒரு கட்டம் 0.25 டிகிரி, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். டெல்டாவில் ஒரே கட்டத்துக்குள் பல ஊர்கள் வந்துவிடும். விதைப்பை எப்போது தொடங்குவது, வடிகாலை எங்கே அகலப்படுத்துவது என்று முடிவெடுக்க அது போதாது. ஊருக்கொரு மழைமானி வைத்து, இணையத்தில் பொது விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) பதிவதே வழி.

காலை 8.30க்கு அளக்க வேண்டும். அளவு அன்றைய தேதிக்கே சேரும். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 20 மில்லி நீர் என்றால் 1 மி.மீ. மழை. அந்த மானிக்குரிய அளவுக் குவளையை 100 சதுர செ.மீ. மானிக்குப் பயன்படுத்தினால் மழை பாதியாகக் காட்டும். மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாத பிழை இது. பக்கத்து ஊர் எண்களோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

மழை இல்லையா, 0. அளக்கவில்லையா, வெற்றுக் கட்டம். இரண்டையும் குழப்பினால் சராசரி நாசம். விரிதாளின் வட்டார அமைப்பு (தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற தெரிவு) அமெரிக்காவாக இருந்தால், நவம்பர் 3 என்று நினைத்து இட்ட 03-11 மார்ச் 11 ஆகிவிடும், ஐப்பசி மழை கோடையில் போய் உட்காரும்! மூல எண்ணை மட்டும் யாரும் தொடக்கூடாது; திருத்தத்துக்குத் தனி நெடுவரிசை, பக்கத்தில் காரணம்.