மலையில் சமதளம் அரிது

ஊட்டிக்குப் பெரியதொரு விளையாட்டு அரங்கம் வந்துவிட்டால் சுற்றுலாவும் வேலைவாய்ப்பும் தானாகப் பெருகும் என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்தே பேசி வருகிறேன். பள்ளிப் பருவம் முதல் கால்பந்து ஆடி வளர்ந்தவன் நான். விளையாட்டின் மீது எனக்குள்ள பற்றை யாரும் ஐயுற வேண்டியதில்லை. பொதுப் பணத்தில் எழும் அரங்கம் ஆடுபவர்களுக்காகவா, உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காகவா என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகே திட்ட மதிப்பீடு போட வேண்டும் என்கிறேன்.

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லி ஜவகர்லால் நேரு அரங்கத்தைப் புதுப்பிக்க 961 கோடி ரூபாய் செலவானது. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்கப்போவதாக 2025-இல் செய்தி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஊட்டியில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆன செலவு ஏறத்தாழ 143 கோடி. விலைவாசி ஏறியதைக் கணக்கில் சேர்க்காமலேயே அரங்கத்துக்குச் செலவான தொகைக்கு இப்படி ஆறு மருத்துவமனைகள் எழுந்திருக்கும். ஊட்டி மருத்துவமனை வருவதற்கு முன், நெஞ்சுவலி கண்ட என் பெரியப்பாவைக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோன இரவில், வளைவுக்கு வளைவு ஆம்புலன்ஸ் வேகம் குறையக் குறைய அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால், இந்தக் கணக்கு எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை.

அரங்கம் கட்டினால் ஊர் வளரும் என்ற வாதத்தை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து, போட்ட பொதுப் பணத்துக்கு ஈடான வளர்ச்சி வருவதில்லை என்றே பெரும்பாலும் முடிவு கண்டிருக்கிறார்கள். காரணம் எளியது. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் கூடுவதில்லை. திரையரங்கிலோ உணவகத்திலோ செலவாகியிருக்க வேண்டியது அரங்க வாசலில் செலவாகிறது, அவ்வளவுதான். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்தின் கடன், புகையிலை வரியைக் கொண்டு அடைக்கப்பட்டு, 2006-இல்தான் தீர்ந்தது.

நம்மைப் போன்ற மலையூர் ஒன்றின் கதையும் உண்டு. கென்யாவின் இட்டென் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடச் சற்றே உயரம். 1976-இல் அங்குள்ள பள்ளிக்கு ஆசிரியராக வந்த அயர்லாந்துத் துறவி கோம் ஓ'கானல், ஓட்டப் பயிற்சியாளராகவே மாறிப்போனார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இட்டெனின் வீரர்கள் செம்மண் சாலைகளிலும், அருகிலிருந்த கமரினி என்ற மண் ஓடுதளத்திலும் ஓடியே உருவானவர்கள். அந்த ஓடுதளத்தை நவீன அரங்கமாக மாற்றுகிறோம் என்று சொல்லி வேலையைத் தொடங்கி, பல ஆண்டுகள் பாதியில் போட்டுவிட்டார்கள். இருந்ததும் போய், வீரர்கள் பயிற்சிக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நீலகிரியின் உயரமும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஏற்றதுதான். இங்கே ஓட்டப் பயிற்சி தருவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்கு நல்ல ஓடுதளமும், தங்கும் விடுதியும், மாதச் சம்பளம் தவறாமல் பெறும் பயிற்சியாளர்களும் போதும். பார்வையாளர் மாடம் எதற்கு?

மேலும், மலையில் சமதளம் என்பதே பெரும் செல்வம். ஊட்டி நகரின் நடுவே 52 ஏக்கர் அரசு நிலம் குதிரைப் பந்தயத்துக்காகப் பல பத்தாண்டுகள் குத்தகையில் இருந்தது. 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கி என்று கணக்கிட்ட அரசு, 2024-இல் அதை மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது மட்டுமன்று, வர வேண்டிய வாடகையை வசூலிக்காமல் விடுவதும் பொதுச் செலவுதான். சமதளம் கிடைக்காத இடத்தில் சரிவை வெட்டித்தான் அரங்கம் கட்ட வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டத்தில் அதை யாரும் துணிந்து முன்மொழியக் கூடாது.

எங்கள் ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) மைதானத்துக்கு மூன்று பக்கம் தேயிலை, நான்காவது பக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் மூங்கில் நட்டுக் கட்டிய பழைய வலை பந்தைப் பாதி நேரம்தான் தடுக்கும். மீதி நேரம் ஒரு சிறுவன் செடிகளுக்கிடையே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் வடிய வழியின்றி, கோல் கம்பத்தின் முன்னால் செம்மண் கணுக்கால் வரை இழுக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாததால் பன்னிரண்டு வயதுக்குமேல் அவர்கள் ஆட வருவதே நின்றுவிடுகிறது. ஒரு தடுப்புச் சுவர், வடிகால், கழிப்பறை, கம்பி வலை: எங்களுக்குத் தேவை இவ்வளவுதான். இவற்றையும் ஆண்டுப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து ஊரார் கையெழுத்துடன் மனு ஒன்றைத் தயாரித்திருக்கிறோம்; அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்கப் போகிறோம்.